புகைபோக்கி வரட்டும்

கம்பளியைக் கொடுத்துச் சட்டி வாங்கியவள் என்று எங்கள் லயத்தில் கத்தரீனுக்குப் பெயர். கேமரன் மலைக் குளிரில், அதுவும் ஜப்பான்காரன் காலத்தில், உடுத்தத் துணியில்லாமல் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்த நாளில், கெட்டியான வெள்ளைக்காரக் கம்பளியைச் சீனன் கடையில் கொடுத்துவிட்டு ஒரு எனாமல் சட்டியோடு வீடு வந்தால் ஊர் சும்மா இருக்குமா? நானும்தான் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற சங்கதி. பிறகு அதே பேச்சை அவள் முகத்துக்கு நேரே குத்தலாகச் சொன்னார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். நடந்தது என்னவென்று தெரிந்துகொண்டு பேசட்டும்.

என் பெயர் சீதா. தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடாகக் கட்டிய லயத்தில் மூன்றாவது கதவு நானும் என் வீட்டுக்காரர் கந்தசாமியும் பிள்ளைகளும். நான்காவது அற்புதம்மாள், கத்தரீனின் தாய். ஐந்தாவது கதவைக் கத்தரீனுக்கும் அல்போன்ஸுக்கும் கல்யாணம் ஆனபோது கொடுத்தார்கள். சாமியார் மலையேறி வர வழியில்லாததால் உபதேசியார் செல்லையாவே ஜெபம் படித்து, சாட்சி வைத்து மோதிரம் மாற்றிவிட்டார். தேத்தண்ணியும் அவித்த மரவள்ளியும்தான் விருந்து.

கத்தரீன் ஜப்பான் சண்டைக்கு முன்னால் துரை பங்களாவில் வேலை பார்த்தவள். துரைசாணி சீமையிலிருந்து தருவித்த சாமான்களைத் தினமும் துடைத்துத் துடைத்து அவள் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சாமான்களில் பூ கிடையாது, கொடி கிடையாது. வெறும் கோடும் வளைவும் பாலாடை நிறமும்தான். அது புது மோஸ்தராம். துரையும் துரைசாணியும் தப்பி ஓடி, பங்களாவில் ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்த பிறகு இவள் கொழுந்து பறிக்கவும் மரவள்ளி நடவும் வந்துவிட்டாள். கண் மட்டும் அங்கேயே இருந்தது.

"நம்ம சாமானெல்லாம் ஏன் சீதாக்கா வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது?" என்று ஒருநாள் என் குண்டானைப் பார்த்துக் கேட்டாள்.

"உள்ள போடுறதுக்கு இல்லாட்டியும், வயிறாச்சும் இருக்கட்டுமேன்னுதான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அல்போன்ஸ் தேயிலைப் பெட்டி செய்கிற தச்சன். தொழிற்சாலை பாதி நாள் மூடிக்கிடந்தது. பெட்டிக்கான ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகக் கிடந்தது. அவன் வாழ்நாளில் செய்ததெல்லாம் நாலு மூலையும் நேராக நிற்கும் பெட்டிதான். அவனிடம் போய் இவள் தரையில் கரித்துண்டால் ஒரு அலமாரி வரைந்து காட்டினாள். மூலை முறியக் கூடாது, நீரோடுகிற மாதிரி வளைய வேண்டும். வளைகிற இடத்தில் மூன்று கோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக.

"மூணு கோடு எதுக்கு புள்ள?"

"சும்மா நிக்கிற சாமான் ஓடுற மாதிரி தெரியும். நீங்க போட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

முதல் பலகை முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. பிறகு பலகையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, உருளைக்கட்டை மேல் கட்டி வைத்து, காயக் காய இறுக்கி ஒருவழியாக வளைத்துவிட்டான். மூன்று கோட்டையும் உளியால் இழுத்தான். முடித்த அன்று எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். தட்டுமுட்டுச் சாமான் வைக்கிற அலமாரிதான். ஆனால் சொன்னால் சொல்லட்டும், அதைப் பார்த்தால் இந்த லயத்தில் சாக்கு கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது மறந்துபோகும். எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை என்று அப்போதே அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய அடுப்பை இடித்தார்கள். எங்கள் அடுப்பெல்லாம் தரையோடு இருக்கும். குனிந்து ஊதி ஊதிக் கண் போகும். இவள் பங்களாவில் இருப்பதுபோல இடுப்பு உயரத்துக்கு, நின்றுகொண்டே சமைக்கிற அடுப்பு கேட்டாள். அல்போன்ஸ் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டினான். முன்னால் குடியிருந்த பத்துப் பேர் காலத்தில் சுவரில் ஏறிய கரியையும் சுரண்டி, அடுப்புக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தான். உள்ளே நுழைந்தால் கண் கூசும்.

சட்டி வாங்கத் தானா ராத்தா டவுனுக்கு நானும் துணைக்குப் போனேன். கடை முதலாளி சீனத் தவுக்கே சண்டைக்கு முன் வந்த சரக்கில் மிச்சமிருந்த இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று நீலம், வெள்ளைப் புள்ளி போட்டது, பெரிய வயிறு. அதை எடுத்தால் கூடவே உப்பும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் தருவதாகச் சொன்னான். இன்னொன்று பாலாடை நிறம், விளிம்பில் பச்சைக் கோடு, பக்கம் நேராக இறங்கும். மூடி வைத்தால் சட்டியும் மூடியும் ஒன்றாகிவிடும். அதை எடுத்தால் கம்பளிக்குச் சட்டி மட்டும்தான், கூட ஒன்றும் இல்லை.

"உப்புடி! உப்பு!" என்று அவள் இடுப்பில் கிள்ளினேன்.

அவள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். எனக்குக் கால் கடுத்துப்போனது. கடைசியில் நீலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சீதாக்கா, இந்தச் சண்டை எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நான் தினமும் பார்க்கப்போற சாமான் இதுதான்லா. அழகா இருக்கட்டும்."

கம்பளி போன பிறகு அல்போன்ஸ் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டக் கிட்டச் சிரித்தான். அவன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கும் அந்தச் சட்டி பிடித்திருந்தது. அதன் மூடியை எடுத்து எடுத்து மூடிப் பார்ப்பான்.

இவ்வளவும் செய்தவள் அந்த அடுப்பில் தீ மட்டும் வைக்கவில்லை. பங்களா அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு. தனக்கும் அது வேண்டும் என்றாள். புகைபோக்கி இல்லாமல் பற்ற வைத்தால் ஒரே நாளில் சுண்ணாம்பெல்லாம் கறுத்து, அலமாரியும் சட்டியும் எங்கள் வீட்டுச் சாமான் போல ஆகிவிடும். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டிக் குழாயாகச் சுருட்டி அல்போன்ஸ் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். தகரம் கிடைப்பது அரிது. அதுவரை தாய் வீட்டிலேயே சமையல், தாய் வீட்டிலேயே சாப்பாடு. படுக்க மட்டும் ஐந்தாவது கதவு.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனால் மட்டும் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி குடும்பம் என்று எழுத மாட்டார். புது அடுப்பில் தீ மூட்டி, அதில் காய்ச்சிய முதல் தேத்தண்ணியைக் கிராணிக்குக் கொடுக்க வேண்டும். அவர் குடித்துவிட்டு, அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம்தான் தனிக்கட்டை பெயரைக் குடும்பக் கணக்கில் ஏற்றுவார். அரிசி பங்கு போடுவதற்காக யாரோ ஒரு பழைய துரை ஏற்படுத்தியது. இத்தனை அடுப்பு என்றால் இத்தனை குடும்பம். நல்ல காலத்தில் அது ஒரு விளையாட்டுபோல இருந்தது. கிராணிக்குத் தேத்தண்ணி கொடுத்தாச்சா என்று புதுப்பெண்ணைக் கேலி செய்வோம்.

சயாமுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்ததும் விளையாட்டு போய்விட்டது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம். முதலில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. தனிக்கட்டைகளை முதலில் எடுத்தார்கள். குடும்பக்காரனை விட்டு வைத்தார்கள். உடனே தோட்டத்துக்குத் தோட்டம் அவசரக் கல்யாணம். ராத்திரி முடிவு பண்ணி விடியற்காலையில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். ஜப்பான்காரன் ஏமாளியா? வீடு வீடாக வந்து அடுப்பைப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்துத் தோட்டத்தில் பொய்யாகக் குடும்பம் என்று எழுதிய கிராணியை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் பார்க்க அடித்தார்கள்.

எங்கள் கிராணி ஆர்தர் நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். கத்தரீன் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"தங்கச்சி, எனக்குத் தேத்தண்ணி எப்ப?"

"புகைபோக்கி வரட்டும் ஐயா."

"சும்மா நாலு சுள்ளியப் பத்த வையிமா. ஒரு வாய் குடிச்சிட்டு எழுதிடுறேன். எரியாத அடுப்பை நான் எப்படி எழுதுறது? எனக்கும் முதுகு ஒண்ணுதான்."

அவள் அல்போன்ஸைப் பார்த்தாள். இதை நான் அடித்துச் சொல்வேன்: அவள் தயங்கினாள். வைத்துவிடலாமா என்றுதான் அவள் கண் கேட்டது. அல்போன்ஸ்தான் சொன்னான்: "ஒரே ஒரு வளைவுத் துண்டுதான் ஐயா பாக்கி. ஞாயித்துக்கிழமை ஜெபம் முடிஞ்சதும் வாங்க. புகை வெளிய போறதை நீங்களே நின்னு பார்க்கலாம்."

அவனுக்கும் ஆசை. தான் வளைத்த பலகையும், தான் கட்டிய அடுப்பும், தான் சுருட்டிய குழாயும் முழுசாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதோடு கங்காணி மாடசாமி அன்று காலையில்தான் வந்து, இந்த மாத ஆள் எடுப்பு முடிந்தது, கேட்ட தலை கொடுத்தாச்சு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் எல்லாருமே அன்று மூச்சு விட்டோம்.

வெள்ளிக்கிழமை விடியலில் பெரட்டுக்குக் கொம்பு ஊதவில்லை. அதற்குப் பதில் லோரிச் சத்தம் கேட்டது. எடுத்துப்போன ஆட்களில் பல பேர் தானா ராத்தாவுக்குக் கீழே காட்டுக்குள் குதித்து ஓடிவிட்டார்களாம். அவர்களுக்குப் பதில் ஆள் வேண்டும், உச்சிப்பொழுதுக்குள் வேண்டும். அதிகாரி ஒருவனும், எங்கிருந்தோ பிடித்து வந்த தமிழ் துபாஷி ஒருவனும், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களும். கிராணி ஆர்தர் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்குள் நுழைந்தார்கள். என் அடுப்பு, என் சுவர், என் குண்டான் எல்லாம் தார் பூசியது போல இருக்கும். நான் அதற்காக எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். அதிகாரி ஒரு பார்வை பார்த்தான், மூக்கைச் சுளித்தான், வெளியே போய்விட்டான். என் கந்தசாமி தப்பினார்.

நான்காவது கதவில் கிழவி ஒருத்திதான். அடுத்தது ஐந்தாவது.

உள்ளே போனவன் நின்றுவிட்டான். நான் வாசலில் இருந்து பார்க்கிறேன். அவன் தொப்பியைக் கழற்றினான். அலமாரி பக்கம் போய் அந்த வளைவில் கையை வைத்தான். மூன்று கோட்டின் மேலும் விரலை ஓட்டினான், ஒவ்வொன்றாக, மெதுவாக. பச்சை விளிம்புச் சட்டியின் மூடியைத் தூக்கி, மறுபடி மூடினான். அவன் முகம் மனுஷ முகமாக இருந்தது. அந்த நாளிலும், அந்தப் பயத்திலும், கத்தரீன் ஒரு கணம் சிரித்தாள். தன் வீட்டை ஒருவன் ரசித்துப் பார்க்கிறான் என்ற சிரிப்பு.

பிறகு அவன் அடுப்புப் பக்கம் திரும்பினான். உள்ளே விரலை விட்டுத் தடவினான். வெள்ளைச் சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. அதைத் துபாஷியிடம் காட்டி ஏதோ ஒரு வார்த்தை சொன்னான்.

"இது குடும்பம் இல்லையாம்" என்றான் துபாஷி. "காட்சிக்கு வெச்ச வீடாம்."

"எங்க வீட்டுலதான் பொங்கித் திங்கிறாங்க!" என்று அற்புதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கர்த்தர் சத்தியமா கட்டிக்கிட்டவங்க ஐயா! உபதேசியாரைக் கேளுங்க!"

"அம்மா வீட்டுல சாப்பிடுறோம்னுதான் எல்லா லயத்துலயும் சொல்றாங்க" என்றான் துபாஷி. அவன் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

அதிகாரி கிராணியைப் பார்த்தான். ஆர்தர் கணக்கில் அல்போன்ஸ் இன்னும் தனிக்கட்டை. அவர் தலை குனிந்துகொண்டார். அல்போன்ஸை இடுப்புச் சாக்கை இறுக்கிக் கட்டக்கூட விடவில்லை. காலைக் கிழங்கு அற்புதம்மாள் வீட்டில் அடுப்பில்தான் இருந்தது; பாதி வெந்திருந்தது. பட்டினியாகவே லோரியில் ஏறினான். "புள்ள, அழாத. மூணு மாசம்தானே" என்று அவன் சொன்னது மட்டும் கேட்டது.

லோரி போனதும் கத்தரீன் அழவில்லை. என்னைப் பிடித்து உலுக்கினாள். "லோரி உச்சிப்பொழுது வரைக்கும் டவுன்ல நிக்கும். மத்தத் தோட்டத்து ஆளுங்களையும் ஏத்திக்கிட்டுதான் மலைக்குக் கீழ தாப்பாவுக்கு இறங்கும். சீதாக்கா, தீக்கங்கு கொடுங்க."

என் அடுப்பிலிருந்து கங்கு அள்ளிக்கொண்டு போனாள். கவ்வாத்து வெட்டிப் போட்ட பச்சைச் சுள்ளியை அந்த வெள்ளை அடுப்பில் திணித்தாள். ஈரச் சுள்ளி புகைந்த புகையில் ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பார்க்க முடியவில்லை. சட்டியைத் தூக்கித் தீயின் மேல் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், உருட்டினாள். இத்தனை நாள் முந்தானையால் துடைத்து வைத்தவள் அதைக் கரியில் புரட்டி எடுத்தாள். சூட்டில் எனாமல் சில்லுச் சில்லாகத் தெறித்தது. சுவர் கறுத்தது. அலமாரியின் மூன்று கோட்டிலும் புகை ஏறியது. அவள் இருமிக்கொண்டே, "கரி பிடிச்சிருச்சா? பாருங்க, கரி பிடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருச்சு, வா" என்றேன்.

சட்டியை மூடிச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் நான். தேயிலைச் சரிவில் குறுக்கே இறங்கினோம். அவள் இரண்டு தடவை விழுந்தாள். சட்டியைக் கீழே விடவில்லை.

தானா ராத்தாத் திடலில் லோரி நின்றிருந்தது. மேல் தோட்டங்களில் இருந்து கொண்டுவந்த ஆட்கள் அதில் நெருக்கி அடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். கத்தரீன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே அதிகாரி முன்னால் போய் நின்று, சாக்கை அவிழ்த்துச் சட்டியை நீட்டினாள்.

"பாருங்க ஐயா, இதுலதான் சமைக்கிறேன். நாங்க குடும்பம். சொல்லுங்க அவர்கிட்ட, நாங்க குடும்பம்னு!"

துபாஷி சொன்னானோ இல்லையோ தெரியாது. அதிகாரிக்குச் சட்டி அடையாளம் தெரிந்தது. காலையில் பார்த்த அதே பச்சை விளிம்பு. ஒரு விரலால் அதன் பக்கத்தைத் தொட்டான். நாள்பட்ட கரி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். இன்றைய கரி விரலோடு வந்துவிடும். வந்தது. அவன் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அப்போதுதான் லோரி மேலிருந்து அல்போன்ஸ் அவளைப் பார்த்தான். "கத்தரீன்!" என்று கத்தினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பக்கத்தில் இருந்தவனைத் தட்டி, "எம் பொஞ்சாதி. சாப்பாடு கொண்டாந்துட்டா பாரு" என்றான். பக்கப் பலகைக்கு மேல் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். "குடு புள்ள, குடு. காலையிலேருந்து பசி உயிர் போவுது."

கத்தரீன் நின்றது நின்றபடி நின்றாள். சிப்பாய் விரட்ட வருவதற்குள் அவனே எட்டிச் சட்டியை வாங்கிக்கொண்டான். மடியில் வைத்து மூடியைத் திறந்தான்.

உள்ளே தெறித்த எனாமல் சில்லுதான் கிடந்தது. அவன் சட்டிக்குள் பார்த்தான், பிறகு கறுத்துப்போன வெளிப்பக்கத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். முகமெல்லாம் கரியோடு நின்றவளைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல புள்ள. எனக்கு அவ்வளவா பசிக்கல" என்றான்.

லோரி கிளம்பிவிட்டது. சட்டி அவன் மடியிலேயே போனது. ஓட்டமாகப் பின்னால் போன பெண்களோடு நாங்களும் கொஞ்ச தூரம் ஓடினோம். அவன் பக்கத்தில், அவசரக் கல்யாணம் பண்ணியும் தப்பாத மேல் தோட்டத்து ராமையா இருந்தான். அவன் மனைவி தங்கம்மா ஒரு இலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். ராமையா அதைப் பிரித்து, ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து அல்போன்ஸ் கையில் வைத்தான். அல்போன்ஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அப்புறம் வாங்கி, குனிந்துகொண்டு, அவசர அவசரமாகத் தின்றான்.

அதைப் பார்த்த பிறகுதான் கத்தரீன் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.